புது பைக், ஸ்கூட்டருக்கு முதல் சர்வீஸ்: ஜாப் கார்டு முதல் நுகர்வோர் ஆணையம் வரை முழுமையான வழிகாட்டி

புது வண்டி எடுத்த ஒரு மாதத்துக்குள் ஷோரூம் மீது கோபம் வந்தால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நீங்கள் சொன்னது வேறு, ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் உங்கள் புகார்களை எழுதிக்கொள்ளும் சீட்டு) ஏறியது வேறு. "செயின் சத்தம் வருது, பிரேக் பிடிச்சா ஹேண்டில் ஆடுது, காலையில ஸ்டார்ட் ஆக லேட்டாகுது" என்று கவுன்டரில் மூச்சு விடாமல் சொல்லியிருப்பீர்கள். கார்டில் "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்" என்று மட்டும் இருக்கும். உள்ளே வண்டியைத் தொடப்போகும் மெக்கானிக் உங்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் கைக்குப் போவது அந்த ஒரு வரிதான்.

இங்கே சொல்வது 100 முதல் 160 சிசி வரையிலான பெட்ரோல் பைக்குகளுக்கும், 110–125 சிசி ஸ்கூட்டர்களுக்கும் பொருந்தும். கொடுத்திருக்கும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஃப்ரீ சர்வீஸ்" என்பதில் எது ஃப்ரீ

கூலி மட்டும்தான். இன்ஜின் ஆயில், ஃபில்டர், ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்க இன்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்) வாஷர், ஓ-ரிங், கிரீஸ் எல்லாவற்றுக்கும் காசு உண்டு. இது ஏமாற்று வேலை இல்லை. கூப்பன் புத்தகத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஆனால் வண்டி விற்கும்போது "அஞ்சு சர்வீஸ் ஃப்ரீ சார்" என்று சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். சண்டையின் முதல் விதை அங்கேதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஃப்ரீ சர்வீஸ் கூலிக்கு நிறுவனம் டீலருக்கு ஒரு சிறு தொகைதான் தரும். ஒரு மெக்கானிக் ஒரு நாளில் பல வண்டிகளை முடித்தாக வேண்டும். ஆகவே லாபம் ஆயிலிலும், கோட்டிங்கிலும், அடிட்டிவிலும்தான். சர்வீஸ் அட்வைசர் ஏன் உங்கள் பிரேக்கைப் பற்றிப் பேசாமல் டெஃப்லான் கோட்டிங்கைப் பற்றிப் பேசுகிறார் என்பது இதில் புரிந்துவிடும்.

முதல் சர்வீஸ் பெரும்பாலான பைக்குகளுக்கு 500 முதல் 1,000 கி.மீ.க்குள், அல்லது 30 முதல் 45 நாளுக்குள். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. வண்டி 200 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்று நாளைத் தவற விடாதீர்கள். பின்னால் வாரண்டி கேட்கும்போது இந்தத் தவறிய கூப்பனைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். நாள் எண்ணுவது இன்வாய்ஸ் தேதியிலிருந்து. கூப்பன் அதே நிறுவனத்தின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். வாங்கிய ஷோரூமிலேயே விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை சுத்தமாக நடக்கும் இடத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்துப் போங்கள்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் டெலிவரி எடுத்த வண்டிகள் எல்லாம் ஒரு மாதம் கழித்து ஒரே வாரத்தில் வாசலில் வந்து நிற்கும். அந்த வாரமும் சனிக்கிழமையும் வேண்டாம். செவ்வாய், புதன், காலை முதல் ஆளாகப் போங்கள்.

படி 1: வீட்டிலிருந்து கிளம்பும் முன்

வேண்டியது போன், ஒரு பெயின்ட் மார்க்கர், ஒரு வெள்ளைத்தாள். ஓடோமீட்டர், பெட்ரோல் அளவு, இரண்டு டயர், பேட்டரி சீரியல் எண் (சீட்டுக்கு அடியிலோ பக்கக் கவருக்குள்ளோ எளிதாகத் தெரிந்தால்), வண்டியின் நான்கு பக்கம், எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ட்ரெயின் போல்ட்டின் தலையிலிருந்து இன்ஜின் உடல் வரை மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். ஆயில் மாற்றினால் அந்தக் கோடு கலையாமல் இருக்க வழியில்லை. சாயங்காலம் கோடு இம்மி பிசகாமல் இருந்தால் என்ன நடந்தது என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டேங்கில் ஒரு லிட்டர் போதும். மழைக்கோட்டு, டேங்க் கவர், ஆர்.சி. நகல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

தாளில் புகார்களை எழுதுங்கள். எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "பிரேக் சரியில்லை" என்று எழுதினால் லீவர் நட்டை ஒரு சுற்று முறுக்கிவிட்டு "ஓகே" என்று டிக் போடுவார்கள். "40 கி.மீ. வேகத்தில் முன் பிரேக் பிடித்தால் ஹேண்டிலில் 'டக்' என்று ஒரு அடி" என்று எழுதினால், கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்) பார்க்க வேண்டும் என்று மெக்கானிக்குக்கே தெரியும். எந்த வேகம், எந்த கியர், இன்ஜின் சூடா குளிரா, தினமுமா எப்போதாவதா: இந்த நாலும் ஒவ்வொரு புகாரிலும் இருக்கட்டும். சத்தம் என்றால் போனில் பதிவு செய்து வைத்திருங்கள். சர்வீஸ் சென்டரில் அந்தச் சத்தம் வரவே வராது. எல்லா வண்டிக்கும் அந்தக் குணம் உண்டு.

படி 2: ஜாப் கார்டு

"நான் பார்த்துக்கிறேன் சார், நீங்க சாயங்காலம் வாங்க."

"பார்த்துக்கோங்க தம்பி, ஆனா அதை கார்டுல ஏத்திடுங்க."

இந்த ஒரு வரியைச் சிரித்துக்கொண்டே, ஆனால் விடாமல் சொல்லப் பழகுங்கள். கார்டில் இருக்க வேண்டியவை: ஓடோமீட்டர் எண், பெட்ரோல் அளவு, உங்கள் புகார்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக, ஆயிலின் கிரேடும் அளவும், எஸ்டிமேட் தொகை, டெலிவரி நேரம். கீழே ஒரு வரி: "எஸ்டிமேட்டுக்கு மேல் எது செய்தாலும் போன் செய்து கேட்டபின் செய்யவும்." கையெழுத்துப் போட்டதும் நகலை வாங்குங்கள். சிஸ்டத்தில் ஏற்றுவதால் நகல் இல்லை என்றால் திரையைப் போட்டோ எடுக்கலாம், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். வெற்று கார்டில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் கூடுதல் வேலைகளை விற்பார்கள். 600 கி.மீ. ஓடிய இன்ஜினுக்கு ஃப்ளஷிங் வேண்டாம், கார்பன் க்ளீனிங்கும் வேண்டாம். சுத்தம் செய்யும் அளவுக்கு உள்ளே இன்னும் எதுவும் படியவில்லை. டெஃப்லான் கோட்டிங் வண்டியின் தோற்றத்துக்கு மட்டும். விருப்பமும் காசும் இருந்தால் செய்யலாம். ஆயில் அடிட்டிவ் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். பைக்கில் க்ளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கின்றன. உராய்வைக் குறைக்கும் சரக்கு உள்ளே போனால் க்ளட்சும் வழுக்க ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது.

படி 3: ஆயில்

முதல் சர்வீஸில் மற்ற எது தவறினாலும் இது தவறக் கூடாது. புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் கியர்களும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும் காலம் இது. உதிரும் நுண்ணிய உலோகத் துகள் முழுவதும் அந்த முதல் ஆயிலில்தான் சேர்கிறது. அதனால்தான் அடுத்த ஆயில் ஆயிரக்கணக்கான கி.மீ. போகும்போது, இதை மட்டும் இவ்வளவு சீக்கிரம் வடிக்கிறார்கள். கூடவே ஸ்ட்ரெய்னரை (ஆயிலை வடிகட்டும் வலை) கழற்றிக் கழுவ வேண்டும். ஃபில்டர் உள்ள இன்ஜினில் மேனுவல் சொன்னபடி ஃபில்டரை மாற்ற வேண்டும்.

கிரேடில் கவனம் தேவை. பைக்குக்கு ஜாசோ (கேனில் அச்சிட்டிருக்கும் ஜப்பானிய ஆயில் தரக் குறி) எம்.ஏ அல்லது எம்.ஏ2. ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் ஜாசோ எம்.பி, அங்கே க்ளட்ச் தனிப் பெட்டியில் உலர்வாக இருப்பதால் வழுக்கும் கவலை இல்லை. எம்.ஏ ஆயில் ஸ்கூட்டரில் போனால் பெரிய சேதம் இல்லை. எம்.பி ஆயில் பைக்கில் போனால் க்ளட்சுக்குக் கேடு. பேரலிலிருந்து ஊற்றும் இடத்தில் இந்தக் குழப்பம் எளிதில் நடக்கும். சீல் வைத்த கேன் கேளுங்கள், உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

அளவு: 100–125 சிசி பைக்குகளுக்கு 800 மி.லி. முதல் 1 லிட்டர். 110 சிசி ஸ்கூட்டர்களுக்குப் பொதுவாக 700 மி.லி.யைச் சுற்றி. 800 மி.லி. பிடிக்கும் இன்ஜினுக்கு ஒரு லிட்டர் கேனுக்குக் காசு வாங்கினால் மிச்சம் 200 மி.லி. உங்களுடையது, கேனோடு கேட்டு வாங்குங்கள். "இருக்கட்டுமே" என்று முழுவதையும் ஊற்றிவிடுவது அதைவிடக் கேடு. அதிகமான ஆயில் ப்ரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டருக்குள் போய் நனைக்கும். பிக்கப் குறையும், புகையும் வரலாம். ஸ்கூட்டரில் பின்சக்கரத்தின் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு, சுமார் 100 முதல் 120 மி.லி. இதை எப்போது மாற்றுவது என்று மேனுவலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோகும் வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

ட்ரெயின் போல்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போல்ட் எஃகு, அது ஏறும் இன்ஜின் உடல் அலுமினியம். சிறிய இன்ஜின்களில் இதற்கான முறுக்கம் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான். சாதாரண ஸ்பேனரில் ஒரு கையால் நிதானமாக இழுத்தால் வரும் அளவு. அவசரத்தில் நீளக் கைப்பிடி போட்டு இழுத்தால் அலுமினிய மரை நசுங்கும். அன்று எதுவும் தெரியாது. மூன்றாவது சர்வீஸில் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், "மரை போயிடுச்சு சார், கேஸ் மாத்தணும்" என்பார்கள். போல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் வாஷர் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்காகச் செய்தது. சில ரூபாய் சமாச்சாரம். பழையதையே திருப்பிப் போட்டால் கசியும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள். எனவே கார்டிலேயே "புது வாஷர்" என்று எழுதச் சொல்லுங்கள். அன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து நிறுத்துங்கள். காலையில் அட்டையில் ஒரு சொட்டு கறுப்பு இருந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள்.

படி 4: வண்டியை எடுக்கும்போது பதினைந்து நிமிடம்

பில் கட்டும் முன், கேட் பாஸ் வாங்கும் முன். ஆறு மணிக்குப் போய் ஆறரைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைச் செய்ய முடியாது, நாலரைக்குப் போங்கள்.

ஆயில் லெவல்: இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விட்டு எடுங்கள். பல இன்ஜின்களில் அதை மரை சுற்றாமல், சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேனுவலில் படம் இருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல்கோட்டுக்கு நெருக்கமாக இருந்தால் சரி.

செயின்: நியூட்ரலில் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் கீழ்ச்செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். புதுச் செயின் முதல் சில நூறு கி.மீ.யில் கொஞ்சம் தளரும், அது இயல்பு. சத்தம் நிற்கட்டும் என்று கம்பி மாதிரி இறுக்கிவிடுவதுதான் பிரச்சினை. பின்னால் ஆள் உட்கார்ந்து ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல்சக்கரங்கள்) நடுவே தூரம் கூடும். இறுகிய செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும்.

செயினை இறுக்கினால் சக்கரம் பின்னால் நகரும். பின்பக்கம் டிரம் பிரேக் என்றால் பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும். அதைத் திரும்ப அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால் பிரேக் ஷூ உரசிக்கொண்டே ஓடும். "சர்வீஸ் விட்டதுல இருந்து மைலேஜ் குறைஞ்சுடுச்சு" என்ற புகாரில் இதற்கு நல்ல பங்கு உண்டு. சோதிப்பது சுலபம்: சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஐந்து கி.மீ. ஓட்டிய பின் டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கக் கூடாது. பெடல் 20 முதல் 30 மி.மீ. இறங்கியபின் பிடிக்க வேண்டும். ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) இரு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே எண்ணிக்கையில் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

கோன் செட்: முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் கழுத்தில் "டக் டக்" என்று உணர்ந்தால் தளர்ந்திருக்கிறது. புது வண்டியில் பேரிங் பந்துகள் தடத்தில் உட்காரும்போது இது நடக்கும். முதல் சர்வீஸில் இறுக்க வேண்டியதே. அதிகம் இறுக்கினால் ஹேண்டில் நடுவில் ஒட்டிக்கொண்டு, மெதுவாகப் போகும்போது வண்டி அலையும்.

க்ளட்ச் லீவரில் பிடிக்கத் தொடங்கும் முன் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரில் 2 முதல் 6 மி.மீ. ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினால் ஐடிலிங் ஏறக் கூடாது. ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. டயர் காற்று எவ்வளவு என்று அவர்கள் கேஜிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

ஐடிலிங், மிஸ்ஸிங், ஸ்டார்ட்டிங் கோளாறு என்றால் ஒன்று நினைவிருக்கட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகான பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான். கார்புரேட்டர் காலத்து ஸ்க்ரூ திருகும் வைத்தியம் இங்கே செல்லாது. ஸ்கேனர் போட்டு ஃபால்ட் கோடு (பழுதைக் காட்டும் குறியீட்டு எண்) பார்த்தீர்களா என்று கேளுங்கள்; பார்த்திருந்தால் அந்தக் கோடு எண்ணைக் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்கை அழித்துவிட்டு அனுப்புவது பழுது நீக்கியதாகாது.

வாட்டர் வாஷ்: பலருக்கு இதுதான் சர்வீஸ். வண்டி பளபளவென்று வந்தால் திருப்தியாகிவிடுகிறது. கழுவியபின் செயின் காய்ந்து, அதன் பிறகு லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடித்திருக்க வேண்டும். வரிசை மாறினால் லூப் தண்ணீரோடு போய்விடும். விரலால் தொட்டால் தெரிந்துவிடும். மீட்டர் கண்ணாடிக்குள் பனி மாதிரி படர்ந்திருந்தால் உயர் அழுத்த ஜெட்டை நேராக அடித்திருக்கிறார்கள், அங்கேயே காட்டுங்கள்.

கடைசியாக மெக்கானிக்கை பின்னால் உட்காரவைத்து இரண்டு கி.மீ. ஓட்டுங்கள். புகார் இருந்த அதே வேகத்தில், அதே கியரில்.

படி 5: பில்

பாகங்களின் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. பில்லில் அடிப்படை விலையைப் பிரித்துப் போட்டு வரியைத் தனியாகக் காட்டுவார்கள். இரண்டும் கூடி எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது. கேனில் 400 ரூபாய் என்றிருந்தால், 18 சதவீத ஜிஎஸ்டியில் அடிப்படை 338.98, வரி 61.02. இதற்குப் பதில் 400க்கு மேல் 72 சேர்த்திருந்தால் அது தப்பு. வாகன உதிரி பாகங்களுக்கு முன்பு 28 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18தான். "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று பொதுவாக ஒரு தொகை இருந்தால் என்ன, எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பில் இல்லாமல் காசு வாங்குவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

இரண்டு மூன்று நாளில் ஃபீட்பேக் கால் வரும். "10க்கு 10 சொல்லிடுங்க சார்" என்று அட்வைசர் முன்கூட்டியே கேட்டிருப்பார். அந்த மதிப்பெண்ணை நிறுவனம் கவனிக்கிறது, டீலருக்கு அது முக்கியம். எனவே வேலை சரியாக நடந்ததா என்று ஓட்டிப் பார்க்கும் வரை மதிப்பெண் கொடுக்காதீர்கள். பைசா செலவில்லாமல் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

படி 6: அதே கோளாறு திரும்ப வந்தால்

"சும்மா கொண்டு வாங்க சார், கார்டு எல்லாம் எதுக்கு, பத்து நிமிஷத்துல பார்த்துடலாம்." கேட்க அன்பாக இருக்கும். ஆனால் கார்டு போடாமல் பார்த்த வேலை எங்கேயும் பதிவாகாது. நான்கு முறை அலைந்திருப்பீர்கள். நிறுவனத்தின் சிஸ்டத்தில் ஒரே ஒரு முறைதான் வந்ததாக இருக்கும். ஒவ்வொரு முறையும் புது ஜாப் கார்டு, அதில் முந்தைய கார்டு எண், "அதே புகார், இரண்டாம் முறை" என்ற வரி. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இரண்டு முறைக்கு மேல் போனால் ஒர்க்ஸ் மேனேஜருக்கு மெயில். மூன்று நாளில் பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் கஸ்டமர் கேர்; புகார் எண் வாங்கிக்கொண்டு, ஏரியா சர்வீஸ் மேனேஜர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வாரண்டியில் பெரிய பாகம் மாற்ற ஒப்புதல் கொடுப்பது பெரும்பாலும் நிறுவனத்துப் பக்கம்தான். டீலரிடம் கத்தி எதுவும் ஆகாது. பேட்டரி, டயர் வாரண்டி மட்டும் அவற்றைத் தயாரித்தவர்களுடையது. டீலர் அங்கே அனுப்பினால் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். வெளியில் வாங்கி மாட்டிய ஹார்ன், அலாரம், எல்இடி விளக்குக்காக ஒயரை வெட்டி இணைத்திருந்தால், மின்சார வாரண்டி அத்தனையையும் மறுக்க அது ஒன்று போதும். முதல் ஒரு வருஷமாவது ஒயரிங்கில் கை வைக்காதீர்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ், கிடைத்ததற்கான ஒப்புதலோடு ஸ்பீடு போஸ்ட்டில். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். கோளாறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தீர்ப்பு வரச் சட்டம் சொல்வது மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகும்.

என்ன கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். "புது வண்டி கொடு" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பெரும்பாலும் நிற்காது. 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வாகனத்தை மாற்றுவதற்கு அல்ல என்ற நிலையை எடுத்தது. உற்பத்தியிலேயே குறை, பல முறை பார்த்தும் தீரவில்லை என்று காட்ட முடிந்தால்தான் மாற்று வண்டியோ பணமோ கேட்க வலு வரும். அதைக் காட்ட உங்களிடம் இருக்கக்கூடியது வரிசையான ஜாப் கார்டுகளும் நிபுணர் அறிக்கையும். வண்டியையோ பாகத்தையோ பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தில் மனுவிலேயே கேட்கலாம்.

மனு போடத் தீர்மானித்த பிறகு தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்து அந்தக் கோளாறைச் சரிபார்க்க வேண்டாம். ஒரு போல்ட்டை அவர் கழற்றினாலும், "வெளியில் பிரித்த இன்ஜின்" என்று எதிர்த்தரப்பு எழுதிவிடும்.